காளை பாய்தலும் கிணற்றில் தொங்கலும்: பள்ளு மரபிலும் ‘கூளமாதாரி’யிலும் உழவுக் குடும்பத்தின் காயம்

ஆய்வுச்சுருக்கம்

பள்ளு நூல்களில் உழவின்போது காளை சினந்து குடும்பனைக் குத்தும் காட்சி, அந்த இலக்கிய வகையின் நிலையான உறுப்புகளுள் ஒன்று. இதனை நகைச்சுவைக்காகவோ நாடகத் திருப்பத்துக்காகவோ அமைந்த மரபு என்று கூறிக் கடந்துவிடும் போக்கு திறனாய்வில் உள்ளது. இக்கட்டுரை அக்காட்சியை ஒரு தொழிற்காயமாகக் கொண்டு, முக்கூடற்பள்ளின் தொழுமரத் தண்டனையோடும் நொண்டி நாடகத்தின் உறுப்பிழப்போடும் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலில் வரும் கிணற்றோடும் ஒப்பிட்டு வாசிக்கிறது. காயம் எங்கே சொல்லப்படுகிறது என்பதைவிட, யாரிடம் சொல்லப்படாமல் போகிறது என்பதே இங்கு ஆய்வுப் பொருள்.

திறவுச்சொற்கள்: பள்ளு, முக்கூடற்பள்ளு, தொழுமரம், நொண்டி நாடகம், கூளமாதாரி, தொழிற்காயம், இழப்பீடு

முன்னுரை

பள்ளு இலக்கியத்தைப் பாடமாகப் படித்தவர்கள் எல்லோருக்கும் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்ளும் பகுதி நினைவிருக்கும். நெல்வகை, மாட்டுவகை, மீன்வகைப் பட்டியல்களும் நினைவிருக்கும். ஆற்றுவெள்ளம் வரும் பகுதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்களும் உண்டு. ஏர் பூட்டிய குடும்பனைக் காளை குத்தி வீழ்த்துகிறது என்பது மட்டும் பெரும்பாலும் ஒரு வரிக் குறிப்பாகவே நம் பாடநூல்களில் எஞ்சுகிறது. இலக்கிய வரலாறுகள் இதனைக் கதைக்குச் சுவையூட்டும் நிகழ்ச்சி என்கின்றன. பள்ளினைச் சமூகவியல் நோக்கில் அணுகிய கோ. கேசவன் போன்றோரின் ஆய்வுகள் நிலவுடைமை, பண்ணை உறவு ஆகியவற்றின் பக்கம் கவனத்தைத் திருப்பியது பெரிய மாற்றம்தான். ஆயினும் அந்த உறவு உழைப்பவனின் தொடையிலும் விலாவிலும் எவ்வாறு பதிகிறது என்ற கேள்வி தனியாக எழுப்பப்படவில்லை என்பது என் வாசிப்பு.

ஒரு சொல் விளக்கம் தேவை. பள்ளு என்பது இலக்கிய வகையின் பெயர். மூத்த பள்ளி, இளைய பள்ளி என்பன நூல்களில் வழங்கும் பாத்திரப் பெயர்கள். அவை தவிர்ந்த இடங்களில், நூல்களே ஆளும் ‘குடும்பன்’ என்ற சொல்லையே இக்கட்டுரை பயன்படுத்துகிறது.

உறுப்பு வரிசையும் இல்லாத உறுப்பும்

உழத்திப்பாட்டு என்ற பெயரின்கீழ்ப் பள்ளின் உறுப்புகளை நிரல்படத் தரும் பழைய விளக்கம் ஒன்று, பள்ளு பற்றிய ஆய்வுகளில் பலகாலும் எடுத்தாளப்படுகிறது. கடவுள் வணக்கத்தில் தொடங்கி, மனைவியர் இருவர் வரவு, குடும்பன் வரவு, நாட்டுவளம், மழைக்குறி, ஆற்றின் வரவு என்று அது நீள்கிறது. உழவுப் பகுதிக்கு வந்ததும் வரிசை இவ்வாறு அமைகிறது: உழவர் உழுகின்றனர், காளை சினக்கிறது, குடும்பனைப் பாய்கிறது, மனைவியர் புலம்புகின்றனர், அவன் எழுந்து விதைக்கிறான், அச்செய்தி பண்ணைத் தலைவனுக்கு அறிவிக்கப்படுகிறது, பிறகு நாற்று நடவு.

இதில் இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, புலம்பலுக்கும் விதைப்புக்கும் இடையில் எதுவும் இல்லை. மருந்து இல்லை, மருத்துவன் இல்லை, கிடந்த நாள் இல்லை. வீழ்ந்தவன் எழுகிறான், எழுந்த கை விதைக்கிறது. பள்ளு நூல்கள் பட்டியலிடுவதில் சளைக்காதவை என்பதை நினைத்தால் இந்த இடைவெளி தற்செயலாகத் தோன்றவில்லை. மாட்டின் நிறத்துக்கும் கொம்பின் வளைவுக்கும் நெல்லின் பெயருக்கும் இடம் தந்த மரபு, குத்துப்பட்ட உடலுக்கான பச்சிலைக்கு ஓர் உறுப்பை ஒதுக்கவில்லை. நாட்டு மருத்துவம் செழித்த நிலத்தில் எழுந்த இலக்கியம் இது என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது, பண்ணைத் தலைவனிடம் போவது எந்தச் செய்தி? விதைத்த செய்தி. குத்துப்பட்ட செய்தி மனைவியரின் அழுகையோடு நின்றுவிடுகிறது. வரப்பைத் தாண்டி மேலே செல்வது வேலை முடிந்த தகவல் மட்டுமே. இதற்குப் பின்னர் மீண்டும் வருகிறேன்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். காளை பாய்தல் உண்மை நிகழ்ச்சியன்று, வளமைச் சடங்கின் எச்சம். உழுசாலில் வீழ்ந்து எழும் குடும்பன் மண்ணில் வீழ்ந்து முளைக்கும் விதையின் உருவகம் என்று ஒருவர் வாதிடலாம். வீழ்தலை உடனடுத்து விதைப்பு வருவது அவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கும். நான் அதை முற்றாக மறுக்கவில்லை. ஆனால் சடங்கு வாசிப்பு ஒன்றை விளக்காமல் விடுகிறது: சடங்கில் வீழ்பவன் எழுந்தால் ஊர் கொண்டாட வேண்டும். இங்கோ அழுபவர் வீட்டுப் பெண்கள் இருவர். எழுந்ததும் கொண்டாட்டம் இல்லை, வேலைதான் இருக்கிறது. உருவகம் என்றே கொண்டாலும், அந்த உருவகத்தைச் சுமக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட உடல் யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பண்ணைத் தலைவன் களத்துக்கு வரும் காட்சியும் பள்ளில் உண்டு. அவனைச் சிரிப்புக்குரிய தோற்றத்தோடு வருணிப்பதும் உண்டு. எந்தக் காளையும் அவன்மேல் பாய்வதில்லை.

மரமும் கொம்பும்

முக்கூடற்பள்ளின் ஆசிரியர் பெயர் உறுதியாகத் தெரியவில்லை. திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணியோடு சிற்றாறும் கயத்தாறும் கூடுமிடத்தில், சீவலப்பேரியை ஒட்டி அமைந்த முக்கூடலே களம். அழகர் கோயில் கொண்ட ஊர். அழகக் குடும்பன் தலைவன்; முக்கூடற்பள்ளி மூத்தவள்; மருதூர்ப்பள்ளி இளையவள். மூத்தவள் வைணவம் சார்ந்தவள், இளையவள் சைவம் சார்ந்தவள் என்ற அமைப்பே ஏசல் பகுதிக்கு எண்ணெய் வார்க்கிறது.

நூலில் குடும்பனின் உடல் இருமுறை துன்புறுகிறது என்பதே என் வாதத்தின் மையம். காளைக்கு முன்னால் மரம் வருகிறது. கிடையில் இருக்க வேண்டிய குடும்பன் இளையவள் வீட்டில் கிடக்கிறான் என்று மூத்தவள் முறையிடுகிறாள். அவன் கிடையிலிருந்து வருபவன்போல் வந்து நிற்கிறான். பண்ணைத் தலைவன் நம்பவில்லை. தொழுமரத்தில் அவன் கால்கள் மாட்டப்படுகின்றன. முறையிட்ட மூத்தவளே சோறு கொண்டு வருகிறாள். அவன் கெஞ்சுகிறான், அவள் மறுக்கிறாள், அவன் சூளுரைக்கிறான், கடைசியில் அவளே அவனை விடுவிக்க வேண்டிக்கொள்கிறாள். விடுபட்டவன் விதைக்கும் மாட்டுக்கும் கணக்கு ஒப்பிக்கிறான். அடுத்து ஏர் பூட்டுகிறான். அடுத்துக் காளை.

மரத்தில் கால் மாட்டப்பட்டிருந்தவன், சினந்த மாட்டின்முன் விலகி ஓட வேண்டிய கட்டத்தில் விலக முடியாமல் வீழ்கிறான் என்று ஒரு காரணகாரியத் தொடர்பை இங்கே காண எனக்கு ஆசை உண்டு. நூல் அப்படிச் சொல்லவில்லை. கணக்கொப்பித்தலும் நல்லேர் நாளும் இடையில் இருப்பதால், எத்தனை நாள் கழிந்தன என்பதும் தெரியாது. எனவே அதைக் காரணமாக நான் நிறுவவில்லை. வரிசையாக மட்டுமே சுட்டுகிறேன். ஆனால் வரிசையும் பொருள் தருவதே. ஒரே உடலுக்கு நேரும் இரு துன்பங்களில் ஒன்றுக்குச் செய்தவன் பெயர் உண்டு. மற்றதற்கு மாட்டின் வெகுளியே காரணம். முன்னது தண்டனை எனப்படுகிறது, பின்னது விபத்து. தண்டனையிலிருந்து விடுவிக்கக் கோரப் பண்ணைத் தலைவன் இருக்கிறான். விபத்துக்கு முறையிட ஆளில்லை, ஆகவே புலம்பல். முறையீடும் புலம்பலும் பள்ளில் தனித்தனி உறுப்புகள் என்பதை இந்த நோக்கில் மீண்டும் படிக்கலாம். முறையீட்டுக்குக் கேட்பவன் வேண்டும். புலம்பலுக்கு வேண்டியதில்லை.

பழகாத மாட்டை ஏரில் பூட்டும் நாள் ஆபத்தான நாள் என்பது உழவர் எவருக்கும் தெரிந்த செய்தி. மாட்டைத் தெரிந்தெடுத்து வாங்கியவர் யார், எந்தக் குடும்பன் எந்த மாட்டை ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்தவர் யார் என்ற கேள்விகள் எழுந்தால், மாட்டின் வெகுளிக்குப் பின்னாலும் ஒரு பண்ணை இருப்பது புலப்படும். மரபு அக்கேள்விகளுக்கு முன்பே நின்றுவிடுகிறது.

தன் காயத்தைத் தானே சொல்பவன்

பள்ளு தழைத்த காலத்தை ஒட்டியே நொண்டி நாடகமும் தழைத்தது. திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் போன்றவற்றில் தலைவன் பரத்தையிடம் பொருளிழந்து, திருட முயன்று அகப்பட்டு, உறுப்பு வெட்டப்பட்டு, பின் இறையருளால் மீண்டும் உறுப்புப் பெறுகிறான். இங்கே காயம் நூலின் நடுநாயகம். நொண்டி மேடையில் நின்று தன் கதையைத் தானே பாடுகிறான். அவன் நடைக்கென்றே ஒரு சிந்து வகை உருவாயிற்று.

திருடனின் காயத்துக்குத் தன்மைக் கூற்றும் தனி யாப்பும் இறைவனின் மருத்துவமும் கிடைத்தன. உழுதவனின் காயத்துக்கு மனைவியரின் புலம்பல் மட்டும் கிடைத்தது. காயம் என்ற ஒரே பொருளை இரு இலக்கிய வகைகள் இவ்வளவு வேறாகக் கையாள்வதற்குக் காரணம், ஒன்றில் காயம் ஒழுக்கப் பாடமாகிறது, மற்றதில் அது எந்தப் பாடமும் தருவதில்லை என்பதாகலாம். குடும்பன் செய்த தவறு எதுவுமில்லை. ஏர் பூட்டினான், அவ்வளவே. தவறு இல்லாத காயத்தைச் சொல்ல அக்கால இலக்கியத்துக்கு வடிவம் இருந்ததாகத் தெரியவில்லை.

கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபதை ஒட்டியும் ஒரு கதை உண்டு. அந்நூல் அரங்கேறியபோது வேளாண் தலைவர் ஒருவரைப் பாம்பு தீண்டியதாகவும், கம்பர் பாடி விடம் இறக்கியதாகவும் வழங்கும் கதை அது. ஏரின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே போற்றும் நூலின் அரங்கேற்றக் கதையில் பாம்பு வருவது வியப்பில்லை. உழவும் பாம்பும் பிரியாதவை. ஆனால் பாட்டால் விடம் நீங்கப்பெறுபவர் நூலைக் கேட்க அமர்ந்திருந்த தலைவர், வயலில் நின்றவர் அல்லர். 2017இல் உலக நல அமைப்பு பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது, பெரும்பாலோர் ஊர்ப்புறத்தவர். ‘புறக்கணிக்கப்பட்ட’ என்ற அடைமொழியை நம் இலக்கிய வரலாற்றுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

பெயராகிவிட்ட காயம்

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000இல் வெளிவந்தது. கொங்கு மேட்டுநிலத்தில் கவுண்டர் குடும்பங்களில் பண்ணையத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் சக்கிலியச் சிறார்களின் கதை அது. அவர்களின் பெயர்களைப் பாருங்கள்: கூளையன், நெடும்பன், வவுறி, மொண்டி, செவிடி. ஒருவரின் உயரம், ஒருவரின் வயிறு, ஒருவரின் கால், ஒருவரின் செவி. உடலின் குறையோ மிகையோ ஆளுக்குப் பெயராகிவிட்டது. பள்ளில் காயம் நிகழ்ந்து மறக்கப்படுகிறது. இங்கே அது நினைவில் வைக்கப்படுகிறது, ஆனால் அழைக்கும் வசதிக்காக மட்டும். மொண்டியின் கால் ஏன் அப்படியாயிற்று என்று மேய்ச்சல் காட்டில் யாரும் யாரையும் கேட்க வேண்டிய தேவை இல்லை.

என் தந்தைவழிப் பாட்டனாரை உழவு மாடு தொடையில் குத்தியது. எங்கள் வீடு இன்றும் ஊரில் ‘நொண்டியார் வீடு’தான்; அவரைப் பார்த்திராத நாங்களும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். எப்படி நேர்ந்தது என்று பாட்டியிடம் கேட்டபோது அவர் முதலில் சொன்னது, “அன்னைக்கி ஏரு நிக்கலப்பா, உங்க சின்னத் தாத்தா பூட்டிட்டாரு” என்பதே. காயம் எவ்வளவு ஆழம் என்பது நான் இரண்டாம் முறை கேட்ட பிறகே வந்தது. பள்ளின் உறுப்பு வரிசையை நான் தொழிற்காயமாகப் படிக்கத் தொடங்கியதற்கு இந்த விடை ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆய்வாளரின் வீட்டுக்கதை சான்றாகாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதைச் சில வேளைகளில் அது காட்டிவிடும்.

நாவலுக்குத் திரும்பலாம். தேங்காய் திருடிய கூளையனைப் பண்ணையக்காரர் தலைகீழாகக் கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிடுகிறார். நாவலின் இறுதியும் கிணற்றிலேயே நிகழ்கிறது. கூளையனோடு நெருங்கிப் பழகிய பண்ணையக்காரர் மகன் செல்வன் நீரில் மூழ்குகிறான். விளையாட்டு எந்தக் கணத்தில் விளையாட்டாக இல்லாமற் போயிற்று என்று அறுதியிட முடியாத எழுத்து அது. பண்ணையில் சிறுவர் நீந்துவதும் மூழ்குவதும் ஊர்ப்புறத்தில் புதிய செய்தியன்று. செய்தித்தாளில் நான்கு வரியில் முடிந்துவிடும். நாவலாசிரியர் செய்திருப்பது, தண்டனையின் இடத்தையும் விபத்தின் இடத்தையும் ஒன்றாக்கியது. முக்கூடற்பள்ளில் மரமும் கொம்பும் இரு வேறு பொருள்கள். ஒன்றை மற்றொன்றின் தொடர்ச்சியாகக் காண்பதா என்பது வாசகர் விருப்பம். ‘கூளமாதாரி’யில் கிணறு ஒன்றே. முன்பு தலைகீழாகத் தொங்கிய நீருக்குள்தான் பின்னர் அவர்கள் இறங்குகிறார்கள். அந்த இறப்பை விபத்து என்று சொல்ல வாய் திறக்கும்போது தொங்கவிட்ட காட்சி குறுக்கே வருகிறது. கொலை என்று சொல்லும்போது இருவரின் நட்பு குறுக்கே வருகிறது. பள்ளு பிரித்து வைத்த இரண்டையும் நாவல் பிரிக்கவொட்டாமல் செய்துவிட்டது. இதனையே அந்நாவலின் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன். அதன் பின்னணி வருணனையையும் வட்டார வழக்கையும் பாராட்டியே பக்கங்களை நிரப்பும் கட்டுரைகள் இவ்விடத்தில் போதிய நேரம் நிற்கவில்லை.

நாவலில் ஒரு குறையும் உண்டு. இறுதிக் காட்சியின் வேகத்தில், மொண்டியும் செவிடியும் தம் பெயர்களுக்குள்ளேயே விடப்படுகின்றனர். கூளையனுக்குக் கிடைத்த உள்மன ஆழம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. காயத்தைப் பெயராக்கும் ஊரின் பழக்கத்தை நாவல் காட்டுகிறது, ஆனால் அப்பழக்கத்திலிருந்து தானும் முழுமையாக வெளியேறவில்லை.

அட்டவணையில் யானை

இலக்கியத்துக்கு வெளியே ஒரு பிரதியையும் இவ்வரிசையில் வைத்துப் படிக்கலாம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், பணியின்போது நேரும் காயத்துக்கு இழப்பீடு பெறத்தக்கோர் யார் என்பதை அதன் இரண்டாம் அட்டவணையில் வகைப்படுத்தியது. டிராக்டர் முதலிய பொறிகளால் வேளாண்மை செய்யும் பணியாளர் அதில் உண்டு. யானையையும் பிற காட்டு விலங்குகளையும் பழக்கவும் பேணவும் அமர்த்தப்பட்டோர் உண்டு. பூச்சிமருந்து தெளிப்போர் உண்டு. காளை போன்ற விலங்குகளைக் கையாளுவோரும் உண்டு. உழவு மாட்டோடு ஏர் ஓட்டுபவர் என்ற பெயரில் தனியாக ஒரு வகையை மட்டும் நான் அதில் காணவில்லை.  கதிரடிக்கும் பொறிகளில் கைவிரல் இழந்தோர் பெருகிய பின் 1983இல் ஆபத்தான பொறிகளுக்கெனத் தனிச்சட்டம் வந்தது; அதுவும் பொறியைப் பற்றியதே.

இன்னும் அடிப்படையான ஒரு வரம்பும் உண்டு. அச்சட்டத்தில் இழப்பீடு கோர முதற்படி, விபத்து நேர்ந்ததை முதலாளிக்கு அறிவிப்பது. அறிவிப்பதற்கு ஒரு முதலாளி இருக்க வேண்டும். சொந்த அரைக்காணியில் கணவனின் ஏருக்குப் பின்னால் விதை தூவும் மனைவிக்கும், பள்ளி விடுமுறையில் தண்ணீர் மாற்றப் போய்ப் பாம்பு மிதிக்கும் மகனுக்கும் முதலாளி யார்? குடும்பம் என்ற சொல் அங்கே பாதுகாப்பாக அன்றி, சட்டத்தின் கண்ணுக்குத் தப்பும் மறைப்பாகவே வேலை செய்கிறது. தமிழ்நாட்டில் உழவர் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் விபத்து மரணத்துக்கும் உறுப்பிழப்புக்கும் உதவித்தொகை உண்டு. அது அரசு தரும் உதவி. பண்ணை தரும் ஈடு அன்று.

இந்த இடத்தில் பள்ளின் உறுப்பு வரிசைக்கு மீள்கிறேன். சட்டம் விபத்தை அறிவிக்கச் சொல்கிறது. பள்ளில் பண்ணைத் தலைவனுக்கு அறிவிக்கப்படுவது விதைப்பு. இடையில் காலம் எவ்வளவோ கழிந்தும், பாட்டியின் விடையில் ஏர் நிற்காமைதான் முதலில் வந்தது.

முக்கூடற்பள்ளின் பிற்பகுதியில், அறுவடை முடிந்து நெல் அளக்கும் இடத்தில், கோயிற் கட்டளைகளுக்கும் அறங்களுக்கும் சென்ற நெல்லின் கணக்கைக் குடும்பன் விரிவாக ஒப்பிக்கிறான். இதனை அழகர் கோயிலின் பொருளியல் வரலாற்றுக்கு உதவும் பகுதியாகவே இதுவரை படித்து வந்துள்ளோம். கணக்கு ஒப்பிப்பவன் சில திங்களுக்கு முன் அதே வயலில் மூர்ச்சையாகிக் கிடந்தவன் என்ற நினைவோடு அப்பகுதியை ஒருமுறை படித்துப் பார்த்தேன். யார் யாருக்கோ அளந்த கோட்டைகள் அதில் வருகின்றன. அவன் கிடந்த நாளுக்கென்று ஒரு மரக்கால்கூட அதில் இல்லை. இல்லை என்று மூத்தவளும் கேட்கவில்லை. இளையவளுக்கு நெல்லை அள்ளிக் கொடுத்துவிட்டான் என்பதுதான் அவள் அடுத்துக் கொண்டுவரும் முறையீடு.